இரண்டு குடம் நல்ல தண்ணீர்

எங்கள் ஊரில் கடலுக்குப் போய்வந்தால் முதல் குளியல் இன்ஜினுக்குத்தான். ஆள் அப்புறம்தான் குளிப்பான். படகு கரையேறினதும் இன்ஜினைத் தோளில் தூக்கிவந்து, டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, அதில் நிறுத்தி ஓடவிடுவோம். அது அந்தத் தண்ணீரைக் குடித்து உள்ளே இருக்கிற உப்பையெல்லாம் துப்பிவிடும். துப்பாத இன்ஜினை உப்பு தின்றுவிடும். எங்கள் ஊர் ஏரி உப்பு ஏரி, அதன் கரையில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் கரிக்கும். நல்ல தண்ணீர் லாரியில்தான் வரவேண்டும். அதனால் இன்ஜினுக்கு ஊற்றுவது எங்கள் தொண்டைக்கு வைத்திருந்த தண்ணீர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் இது என் வேலை. என் மருமகளின் ரிமோட் வண்டியை நான் பாழாக்கினதும் இந்தப் பழக்கத்தால்தான்.

எனக்கு எழுத வராது. நான் பேசப் பேச மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். நடுவில் வந்த வசவுகளை விட்டுவிட்டாளாம். போகட்டும்.

மருமகள் பொன்னேரிப் பக்கத்துப் பெண். ஐ.டி.ஐ. படித்துவிட்டுக் காட்டுப்பள்ளியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்கிறவர் ஒருவர், ஓடாமல் கிடந்த ஒரு ரிமோட் வண்டியை அவளிடம் கொடுத்திருக்கிறார். குட்டிநாய் அளவு இருக்கும். பேட்டரியில் ஓடுகிற பொம்மை இல்லை. கட்டைவிரல் தடிமனில் நிஜ இன்ஜின், அதற்கென்று நைட்ரோ கலந்த தனி எண்ணெய், முள்ளு முள்ளாய் டயர். லீவு நாளெல்லாம் பின்வாசலில் பாயை விரித்து, திருகு திருகாகக் கழற்றி மாட்டி, ஒருநாள் இன்ஜினைக் கிளப்புகிற கயிற்றை இழுத்தாள். தேனீக்கூட்டைக் கலைத்த மாதிரி ஒரு சத்தம். நீலப் புகை. இனிப்பாய் ஒரு வாசனை. அடுப்படியில் இருந்த பூனை அன்றைக்கெல்லாம் வீட்டுக்கு வரவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்காது. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும்போது பெண்களிடம் சொன்னேன்.

"எங்க வூட்ல ஒருத்தி கீறா பாரு. அடுப்பாண்ட நில்லுடின்னா இருமுவா. பொம்ம வண்டி பொகைய மட்டும் சோக்கா மோந்துக்கினு நிப்பா."

"அதுல ஆளு ஏறலாமா யக்கா?"

"ஆளு ஏறாது. அதான் இம்மாம் சத்தம் போடுது."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்புக் கிடைத்தால் நான் விடமாட்டேன். லாரி வரும்போதெல்லாம் இதே பாட்டுதான்.

நடுவில் ஒன்று நடந்தது. வெயில் காலத்தில் ஏரித் தண்ணீர் உள்வாங்கி, கரையோரம் வெடித்த தரையாகக் கிடக்கும். அங்கே அவள் மண்ணைக் குவித்து மேடு கட்டி வண்டி ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். நான் சோறும் வறுத்த நெத்திலியும் கொண்டுபோனேன். வண்டி மேட்டில் ஏறி, இறால் மாதிரி விசுக்கென்று துள்ளி, அந்தரத்தில் ஒரு கணம் நின்று, அந்தப் பக்கம் நாலு சக்கரமும் பட இறங்கி ஓடியது. நான் என்னை மறந்து இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்துவிட்டேன்.

அவள் திரும்பினாள். "அத்த, நீங்களா அடிச்சீங்க?"

"நான் இன்னாத்துக்கு அடிக்கிறேன்? காத்து."

"காத்துக்கு ரெண்டு பல்லு இல்ல போல."

முன்பல் இரண்டு விழுந்த எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அன்றிலிருந்து அந்த வண்டிமேல் எனக்கு ஆசை. ஆனால் மறுபடி லாரி வந்தபோது என்ன பேசினேன் தெரியுமா? பழைய பாட்டேதான். விசில் அடித்ததைச் சொன்னால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே.

மீஞ்சூருக்கு அந்தப் பக்கம் ஒரு மைதானத்தில் பந்தயம் வைத்தார்கள். அவளுக்கு அது முதல் பந்தயம். அதற்கு முந்தின நாள் காலையில் ஏரிக்கரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, வண்டியைப் பின்வாசலில் வைத்து ஷிஃப்டுக்குப் போய்விட்டாள். வந்துதான் துடைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். வண்டி முழுக்க உப்பு மண். வெயிலில் காய்ந்து வெள்ளையாய்ப் பூத்திருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. நாளைக்கு ஓடவேண்டிய வண்டியை உப்போடு விடுவார்களா?

வீட்டில் இருந்தது இரண்டு குடம் நல்ல தண்ணீர். இரண்டையும் எடுத்தேன். மேலெல்லாம் கழுவினேன். பிறகு இன்ஜின் குடிக்கவேண்டுமே, வாயைத் தேடினேன். ஒரு ஓட்டையில் பஞ்சு மாதிரி ஏதோ அடைத்திருந்தது. மண் போகாமல் துணி சொருகியிருக்கிறாள் என்று நினைத்துப் பிடுங்கிவிட்டு, சின்னப் புனலை வைத்து ஊற்றினேன். குடித்தது. புகைக்குழாயிலும் ஊற்றினேன். அதுவும் குடித்தது. துப்பட்டும் என்று கயிற்றை இழுத்தேன். வரவில்லை. வயிறு நிறைந்துவிட்டது போலிருக்கிறது என்று, காலை ஊன்றி இன்னும் பலமாக ஒரு இழு இழுத்தேன். உள்ளே என்னவோ 'டக்' என்றது.

சாயங்காலம் அவள் வந்தபோது என் மகனும், பக்கத்து வீட்டில் இருக்கிற என் ஓரகத்தியும் பின்வாசலில் நின்றார்கள். நடந்ததை நானே சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது.

ஓரகத்தி முந்திக்கொண்டாள். "வாயால சொன்னது பத்தலன்னு கையாலயும் காட்டிட்டியா யக்கா?"

"எம்மா, புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிட்டுப் போயேன். நாளிக்கு ஓட்ற வண்டிய இப்டியா பண்ணுவ?" என்றான் மகன்.

"இல்ல நைனா, உப்பு தின்னுடும்னு..."

லாரிக்கு முன்னால் நின்று நான் பேசின பேச்செல்லாம் எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறதே. அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

மருமகள் வண்டியைக் கவிழ்த்தாள். புகைக்குழாயிலிருந்து தண்ணீர் ஒழுகியது. அதில் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். பிறகு சுவரோரம் கவிழ்ந்திருந்த குடங்களைப் பார்த்தாள்.

"நல்ல தண்ணியா அத்த?"

"ரெண்டு கொடமும்மா."

"அப்போ இன்னிக்கு நமக்குக் குடிக்க?"

"இல்ல."

அவள் என் மகனைப் பார்த்தாள். "வஞ்சம் வச்சு ஊத்துறவங்க நல்ல தண்ணியையா ஊத்துவாங்க? பின்னாடி அவ்ளோ பெரிய ஏரி கெடக்குது. போங்க, போய் ஒரு கேன் தண்ணி வாங்கிட்டு வாங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அவள் பிளக்கைக் கழற்றி, வண்டியைத் தலைகீழாகப் பிடித்துக் கயிற்றை மெல்ல இழுத்தாள். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அந்த நைட்ரோ எண்ணெயையே ஊற்றி உள்ளே அலசினாள். ரிமோட்டோடு பேசுகிற சின்னப் பெட்டியைத் திறந்து, துடைத்து, மறுநாள் விடிந்ததும் நெத்திலி காயப்போட்டிருந்த வலைமேலேயே வெயிலில் வைத்தாள். பந்தயத்துக்குக் கிளம்பும்போது வண்டி முழுக்கக் கருவாட்டு வாசனை.

நான் வரவில்லை என்றேன். "விசில் அடிக்க ஆளு வேணாமா?" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

வண்டி கிளம்பிவிட்டது! சென்னையிலிருந்து வந்திருந்த வண்டிகளுக்கு நடுவில் எங்கள் கருவாட்டு வண்டி இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தது. விரலை வாய்க்குக் கொண்டுபோனேன். அதற்குள் தூரத்து மேட்டில் ஏறும்போது சத்தம் கம்மியது. இருமியது. நின்றுவிட்டது. மற்ற வண்டிகள் அதைச் சுற்றிக்கொண்டு போயின.

"என்னக்கா ஆச்சு? சூப்பரா போய்ட்டிருந்தீங்களே?" என்று ஒருவன் கேட்டான்.

"பழைய இன்ஜின் தம்பி, அவ்ளோதான்" என்றாள் அவள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அது பழைய இன்ஜினால் இல்லை என்று எனக்குத் தெரியும். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் நானே கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு சொன்னாள்: "உள்ள ஒரு ராடு கீதுல்ல அத்த, தண்ணி இருக்கும்போது பலமா இழுத்தா லேசா வளஞ்சிடும்." என் காதில் அந்த 'டக்' மறுபடி கேட்டது. அத்தனை பேருக்கு முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தாளே. ஊரெல்லாம் கேட்கப் பேசுகிற நான், அங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் மரம் மாதிரி நின்றேனே.

அடுத்த முறை லாரி வந்தபோது வரிசையில் ஒருத்தி ஆரம்பித்தாள். "யக்கா, பொம்ம வண்டி கெலிச்சிதா?"

"ரெண்டாவதா போய்க்கினு இருந்துச்சு. நான் கழுவறேன்னு கெடுத்துட்டேன். இல்லாங்காட்டி கெலிச்சிருக்கும். பொம்ம இல்ல அது."

யாரும் சிரிக்கவில்லை. நான் குடத்தை வரிசையில் ஒரு அடி முன்னால் நகர்த்தினேன். "அப்ப இன்னிக்கு வண்டிக்கு எத்தினி கொடம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அப்போது எல்லாரும் சிரித்தார்கள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

புது ராடு போட்டாயிற்று. வண்டி மறுபடி ஓடுகிறது. ஓட்டி முடித்ததும் அதன் வாயில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கயிற்றை மெல்ல இழுத்துவிடவேண்டுமாம். அதுதான் அதற்குக் குளியல். அந்த வேலையை அவள் எனக்கே கொடுத்திருக்கிறாள். சொட்டு விடுவேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்து, "இழுக்கட்டாம்மா?" என்று கேட்காமல் இதுவரை நான் அந்தக் கயிற்றைத் தொட்டதில்லை.