பிரியாணி ஆறுவதற்குள் ஒரு மரண தண்டனை

கிளிட்டஸ் மேடையில் சாகத் தொடங்கியது பத்தொன்பது வயதில். குளச்சல் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். ஆலயத் திருவிழா முடிகிறபோது அங்கே புனிதர் நாடகம் நடக்கும். கடைசிக் காட்சியில் புனிதரின் தலை போகும். கிளிட்டஸுக்கு நல்ல குரல், அகன்ற தோள், வெட்டுவதற்குத் தோதான நீளக் கழுத்து. அதனால் வருடா வருடம் அவர்தான் புனிதர். அவர் மண்டியிட்டதும் பெண்கள் பக்கத்திலிருந்து அழுகை கிளம்பும். எவ்வளவு அழுகையோ அவ்வளவு வெற்றி.

பிறகு துபாய். அல் கூஸில் ஒரு ஏசி கம்பெனியில் டெக்னீஷியன் வேலை, அஜ்மானில் ஐந்தாறு பேரோடு ஓர் அறை. அந்த அறையில் யாரும் பட்டினியாகப் படுக்காமல் பார்த்துக்கொள்வதையும் அவர் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். ஊரிலிருந்து கெட்ட செய்தி வந்தால் ஆட்கள் முதலில் தட்டைத்தான் தள்ளிவைப்பார்கள். கிளிட்டஸ் அதைத் திரும்ப இழுத்து முன்னால் வைப்பார்.

"சோறு என்ன லே பாவம் செஞ்சுது? தின்னுட்டு அழு."

சிவகங்கைப் பக்கத்து வைரவன் வந்த புதிதில், ஏஜென்ட் சொன்ன வேலை வேறு, கிடைத்த வேலை வேறு என்று தெரிந்து சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். அவன் எழுந்து மீன்குழம்பில் கை வைக்கிறவரை கிளிட்டஸ் பக்கத்தைவிட்டு நகரவில்லை. அன்றிலிருந்து இருவரும் அண்ணன் தம்பி.

2008 கோடையில் ஒரு மொட்டை மாடியில் ஏசி மெஷினைப் பழுதுபார்த்தபடி கிளிட்டஸ் நாடகப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என்ன பாட்டு என்று கேட்டார் சூப்பர்வைசர் ஆங்கஸ், ஸ்காட்லாந்துக்காரர். கிளிட்டஸ் விரலால் கழுத்தை அறுத்துக் காட்டி, "கலாஸ்" என்றார்; அரபியில், முடிந்தது கதை. ஆங்கஸுக்கு உற்சாகமாகிவிட்டது. எங்கள் நாட்டிலும் ஒருவர் இருந்தார் என்று ஆரம்பித்தார்.

பால்மெரினோ பிரபு. நாடிழந்த ஸ்டூவர்ட் அரச குடும்பத்துக்கு மறுபடி முடி வாங்கித் தருவதற்காகப் படையோடு கிளம்பியவர். படை தோற்றது. 1746இல் லண்டனில் தலையை வெட்டினார்கள். மரண தண்டனை உத்தரவு வந்து சேர்ந்தபோது மனைவியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். மனைவி பதறி எழ, உட்கார் அம்மா, இதற்காகச் சாப்பாட்டை விடுவதா என்றாராம். வெட்டும் நாளில் போரில் போட்டிருந்த அதே நீலச் சீருடையை அணிந்து, வெட்டுகிறவனுக்கு இனாமும் கொடுத்து, கோடாரியின் கூரைத் தடவிப் பார்த்தவர், நடுங்கிய அவனுக்கே தைரியம் சொன்னாராம்.

கிளிட்டஸுக்குச் சாப்பாட்டுக் கட்டம் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. தலை வெட்டுப்பட்டவர் என்றால் புனிதராகத்தான் இருக்கவேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஷார்ஜா ஆலயத் தமிழ்க் குழுவின் ஜனவரி விழாவுக்கு இதுதான் நாடகம் என்று அறிவித்துவிட்டார்.

குழுவுக்கு வசனம் எழுதுபவர் ஜெபராணி. ஷார்ஜாவின் ரோலாவில் குடும்பத்தோடு இருக்கும் நர்ஸ். அவர் இன்டர்நெட்டில் தேடிப் பார்த்துவிட்டு வந்தார்.

"அண்ணா, இவரு புனிதரும் இல்ல, கத்தோலிக்கரும் இல்ல. தோத்த ராஜாவுக்காகத் தலையக் குடுத்த ஆளு."

கிளிட்டஸ் ஒன்றுதான் கேட்டார். "சாப்பாட்டுக் கத உண்மையா சிஸ்டர்?"

"அது உண்மைதான் போலிருக்கு."

"அப்ப எழுதுங்க."

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில் கம்பெனி ஆட்குறைப்பு செய்தது. உலகப் பணநெருக்கடியில் கட்டட வேலைகள் முடங்கி, கிரேன்கள் நகராமல் நின்ற காலம் அது. எல்லா அறைகளிலும் யாராவது ஒருவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேனேஜர் கிளிட்டஸைக் கூப்பிட்டு விசா கேன்சல் என்றார். அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்து, டிபன் பாக்ஸைத் திறந்து மிச்சத்தைச் சாப்பிட்டார். நாடகம் வெள்ளிக்கிழமை. விமானம் ஞாயிற்றுக்கிழமை.

கோடாரி தூக்கவேண்டிய வைரவன் அன்றே பின்வாங்கினான்.

"நான் வெட்டலண்ணே. வேற ஆளப் பாருங்க."

"ஏன் லே?"

"நீங்களே ஊருக்குப் போறிய. போற மனுசன் கழுத்துல போடச் சொல்றியளே!"

"தெர்மோகோல் கோடாரி லே அது. டேப் ஒட்டுனதே நீதான்."

ஜெபராணிக்கும் கவலை. "அண்ணா, விஷயம் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. நீங்க மண்டி போட்டாலே ஹாலு முழுக்க அழும்."

"அழுதா நான் தோத்தேன் சிஸ்டர். ஊர்ல போய் உங்கள நெனச்சா, சிரிச்ச மூஞ்சியாத் தெரியணும். எனக்கு அது போதும்."

வெள்ளிக்கிழமை மாலை ஆலய ஹால் நிறைந்தது. நாடகம் முடிந்ததும் எல்லாருக்கும் பிரியாணி. பிரபுவின் சீருடைக்குத் தனியாகத் துணி எடுக்கவில்லை. டூட்டிக்குப் போடும், சட்டையும் பேன்ட்டும் ஒன்றான நீலக் கவரால்தான்; முதுகில் இருந்த கம்பெனி பெயரின் மேல் சிவப்புத் துணி தைத்திருந்தார்கள். சாப்பாட்டுக் காட்சியில் உத்தரவு வந்ததும், மனைவியாக நடித்த ஜெபராணி மயங்கி விழ, பிரபு அவரைத் தாங்காமல் அவர் தட்டிலிருந்த கோழிக்காலை எடுத்துக் கடித்தார். அங்கங்கே சிரிப்பு. ஆனால் வெட்டுக்கட்டை வந்ததும் ஹால் அடங்கிவிட்டது. பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

பிரபு இனாம் கொடுத்தார். கூர் பார்த்தார். குனிந்து கழுத்தை நீட்டினார். வைரவன் கோடாரியை ஓங்கினான். ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைக்க முந்தானையைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

'அஞ்சாதே வீரனே, உன் கடமையைச் செய்' என்பது வசனம். கிளிட்டஸ் கட்டையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"லேய் வைரவா, வெட்டு மக்கா. அங்க பிரியாணி ஆறுது."

வைரவனுக்குக் கண்ணீரும் கோபமும் சேர்ந்து வந்தன. "ஒங்களுக்கு எப்பப் பாத்தாலும் திங்கிற நெனப்புத்தான்!"

"பின்னே? தலை போன பொறவு எப்படிலே தின்ன?"

ஹால் வெடித்தது. வைரவனே சிரித்துவிட்டான்; சிரித்த வேகத்தில் கோடாரி தானாக இறங்கி, கிளிட்டஸின் தோளில் பட்டு இரண்டாக ஒடிந்தது. ஜெபராணி திரைக்குப் பின்னாலிருந்து அவசரமாக உருட்டிவிட்ட பொம்மைத் தலை, மேடையைத் தாண்டி முன்வரிசையில் ஒருவர் மடியில் போய் உட்கார்ந்தது. அழ வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

செத்த பிரபு அதே நீலக் கவராலோடு பிரியாணி பரிமாறினார். வைரவன் ஓரமாக நின்றுகொண்டிருந்தான்.

"உக்காரு லே."

அவன் உட்கார்ந்தான். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டான்.

பொம்மைத் தலை இப்போது அஜ்மான் அறையில் ஃப்ரிட்ஜின் மேல் இருக்கிறது. அதற்கு வைரவன் கட்டட வேலைக்குப் போடும் ஒரு சைட் ஹெல்மெட்டை மாட்டியிருக்கிறான். யாராவது தட்டைத் தள்ளிவைத்தால், அவன் எழுந்து போய்த் தலையை எடுத்து வந்து அவர்களுக்கு எதிரே வைக்கிறான்.