இடி விழுந்த ஐவரும் இலை மூட்டை ரோப்வேயும்

முதல் நாள்

அபூர்வ சக்தி படைத்தவர்களை நான் முதன்முதலில் பார்த்தபோது, அவர்கள் தொழிற்சாலை வாசலில் குந்தி உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தாப்பாவிலிருந்து மலையேறும் சாலையின் வளைவுகள் யாரையும் விடாது. கோலாலம்பூரிலிருந்து வேனில் வந்திருந்த நாடக நடிகர்கள் அவர்கள். ஒருவர் லாரியைத் தூக்குபவர். ஒருவர் சுவருக்கு அப்பால் இருப்பதைப் பார்ப்பவர். ஒரு பெண் வானத்தில் பறப்பவர். மூவருக்கும் சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது நான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கம்போங் ராஜாவுக்குப் போகும் வழியில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் வயர்மேன். தொழிற்சாலை மோட்டார்கள், தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்து விளக்குகள், துரை பங்களாவின் வாட்டர் ஹீட்டர் எல்லாம் என் பொறுப்பு. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் மோட்டார் பற்றித்தான் என்னிடம் கேட்கிறார்கள். மோட்டார் பற்றிப் புத்தகத்தில் இருக்கிறது. இது புத்தகத்தில் இல்லை.

வந்தவர்கள் எடுக்கப்போவது வாராவாரம் தொலைக்காட்சியில் வரும் ஒரு தொடர் நாடகம். பெயர் 'இடி விழுந்த ஐவர்'. மழைக்கு மரத்தடியில் ஒதுங்கும் தோட்டத் தொழிலாளிகள் ஐந்து பேர் மீது இடி விழும். யாரும் சாகமாட்டார்கள். ஆளுக்கு ஒரு சக்தி கிடைக்கும். அதை வைத்து, தோட்டத்தை அபகரிக்க வரும் வில்லனை அடித்து விரட்டி, தோட்டத்தை மீட்டுத் துரையிடமே திரும்பக் கொடுத்துவிடுவார்கள். கதையை முழுதாகக் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், ஐவரில் ஒருவருக்குக்கூட சம்பள உயர்வு கேட்கும் சக்தி வரவில்லை.

எங்கள் துரை நம்மவர்தான், ஈப்போவில் பிறந்தவர். வெள்ளைக்காரர்கள் போன பிறகு வந்தவர். ஆனாலும் 'மேனேஜர்' என்று கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது. 'துரை' என்றால்தான் திரும்புவார். நாடகத்தில் நல்ல மனம் கொண்ட துரை வேடம் ஒன்று இருந்தது. அதைத் தானே நடிப்பதாக டைரக்டரிடம் சொல்லி வாங்கிக்கொண்டார். ஒரு தொழிலாளியின் தோளில் கைபோட்டு "எப்படிப்பா இருக்க, சாப்டியா?" என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். காலையில் ஆரம்பித்த காட்சி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் முடிந்தது. கை தோளுக்குப் போனால் வசனம் மறந்துவிடும். வசனம் வந்தால் கை இடுப்பை விட்டு நகராது.

தோட்டத்து முகம்

கூட்டத்தில் நடிக்க ஆட்கள் வேண்டும் என்று டைரக்டர் கேட்டதும் லயமே திரண்டு வந்தது. பெண்கள் கல்யாணத்துக்குக் கட்டும் புடவையில் வந்தார்கள். மேகமூட்டத்திலும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த டைரக்டர், வரிசையை ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இல்ல சார். இவங்க முகத்துல அந்த எஸ்டேட் களை வரல."

கொழுந்தெடுக்கும் லெட்சுமி அக்கா முன்வரிசையில் நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். எதையும் நேராகக் கேட்டுவிடுவார்.

"நான் பொறந்ததே இந்த லயத்துலதான் சார். இதுக்கு மேல எங்க போயி எஸ்டேட் ஆகிட்டு வர்றது?"

மறுநாள் ஈப்போவிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். அவர்களும் வளைவுகளில் வாந்தி எடுத்தார்கள். முகம் கழுவியதும் கன்னத்தில் கரி பூசினார்கள். தொழிலாளிகள் தயார்.

எங்கள் தோட்டத்தில் அப்போதே கொழுந்தைப் பெரிய கத்தரியால்தான் வெட்டினோம். டைரக்டருக்கு அது பிடிக்கவில்லை. "முடி வெட்டுற மாதிரி இருக்கு, கையால கிள்ளுங்க" என்றார். அவர் கொண்டுவந்த கூடைகள் பூக்கடையில் வைக்கிற அளவில் இருந்தன. ஒரு மணி நேரம் கிள்ளியும் அதன் அடி நிறையவில்லை. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அதைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

லாரி தூக்கும் காட்சிக்கு மட்டும் எங்கள் ஆட்கள் தேவைப்பட்டார்கள். முகம் தெரியாத வேலை. கதாநாயகன் முன்னால் நின்று ஒரு கையால் பம்பரைத் தொட்டுக்கொண்டு பல்லைக் கடிப்பார். பின்னால் எங்கள் ஆண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மரக்கட்டையைக் கொடுத்து லாரியை நெம்பிப் பிடிப்பார்கள். காட்சி நன்றாக வந்தது. டைரக்டர் "கட்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள், கதாநாயகனுக்கு ஒருவர் துண்டு கொடுத்தார், இன்னொருவர் விசிறினார். லாரிக்குப் பின்னால் இருந்தவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அவர்கள் பிடித்தபடியே நின்றார்கள். நான் போய்ச் சொன்ன பிறகுதான் இறக்கினார்கள்.

பறக்கும் காட்சி

எங்கள் தோட்டத்தில் ஒரு ரோப்வே இருந்தது. எதிர்மலையில் எடுக்கும் கொழுந்தை மூட்டை கட்டி, பள்ளத்தாக்குக்கு மேலே ஓடும் கம்பி வடத்தில் மாட்டிவிட்டால் தொழிற்சாலைக்கு வந்துவிடும். மோட்டாரில் ஓடுவது. அதில் கதாநாயகியை மாட்டிப் பறக்கவைப்பது டைரக்டரின் திட்டம். கதாநாயகி பள்ளத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு வேனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தப் பெண்ணைக் குறை சொல்லமாட்டேன். அந்தக் கூட்டத்தில் அறிவோடு நடந்துகொண்டது அவர் ஒருவர்தான்.

டூப் போட ஆள் தேடினார்கள். டைரக்டரின் கண் லெட்சுமி அக்காவின் மேல் விழுந்தது. உயரம், உடல்வாகு எல்லாம் கதாநாயகிக்குச் சரியாக இருந்ததாம். முகம் தேறாத அக்காவின் முதுகு தேறிவிட்டது.

"பேர் போடுவீங்களா?" என்று அக்கா கேட்டார்.

"கண்டிப்பா போடுவேம்மா. தனியா, பெருசா போடுவேன்" என்றார் டைரக்டர்.

அக்கா ஒத்துக்கொண்டார். அவருடைய மகள் கோலா தெர்லாவில் கல்யாணமாகிப் போயிருந்தாள். மாமியார் வீட்டில் டிவி இருந்தது. அந்த வீட்டு ஆட்கள் தன் பெயரைத் திரையில் பார்க்க வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. என்னிடம் மட்டும் சொன்னார்.

கம்பம் ஏறும்போது நான் போடும் பெல்ட்டை அக்காவின் உடைக்குள் கட்டினேன். முதலில் மூட்டையை ஓட்டிப் பார்த்தோம். குறையில்லை. என் பயம் வேறு. தோட்டத்தில் சொந்த ஜெனரேட்டர்தான். சினிமா விளக்குகளும் ரோப்வே மோட்டாரும், இலையைச் சூட்டில் காயவைக்கும் டிரையரின் விசிறியும் சேர்ந்து ஓடினால் அது தாங்குமா என்பது சந்தேகம். துரையிடம் போனேன்.

"துரை, காட்சி முடியுற வரைக்கும் டிரையரை நிறுத்திக்கலாம்."

"உள்ள இருக்குற இலைய என்ன பண்ணச் சொல்ற? அதெல்லாம் முடியாது லா. ரெண்டும் ஓடட்டும்."

ரெண்டும் ஓடியது. அக்கா எதிர்மலையிலிருந்து புறப்பட்டார். ரோஜா நிற உடை, பின்னால் ஒரு நீளத் துணி. கீழே பெண்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது. பள்ளத்துக்கு நடுவே வந்தபோது விளக்குகள் ஒரு முறை மங்கி, மொத்தமாக அணைந்தன. மோட்டார் நின்றது. பிரேக் பிடித்துக்கொண்டது. அக்கா நடுவானில் தொங்கினார்.

"கேமராவ நிறுத்தாதீங்க" என்று டைரக்டர் கத்தினார். பிறகு அக்காவைப் பார்த்து, "அம்மா, கைய விரிச்சுக்குங்க. அப்படியே சிரிங்க."

"நீ வந்து தொங்குடா, கண்ணாடிக்காரா. நான் கீழ நின்னு சிரிக்கிறேன்."

அதற்கு மேல் அக்கா சொன்னதை இங்கே எழுத முடியாது. பனி இறங்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் ரோஜா நிறம் மறைந்து குரல் மட்டும் கேட்டது. பிறகு குரலும் நின்றுவிட்டது. எஞ்சின் ரூமுக்கு ஓடினேன்.

எஞ்சின் டிரைவர் மணியம் ஜெனரேட்டரை மறுபடி கிளப்பியிருந்தார். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கொடுத்தால் திரும்பவும் விழும். எதை முதலில் கொடுப்பது என்று என்னைப் பார்த்தார். அதற்குள் துரை மூச்சிரைக்க உள்ளே வந்துவிட்டார்.

"மொதல்ல டிரையர். இலை கருகுது."

"துரை, அக்கா தொங்குறாங்க."

"அவ எங்க போவப் போறா? இலை போயிடும் லா."

மணியத்தின் கை டிரையர் சுவிட்சின் மேல் இருந்தது. அவர் நல்ல மனிதர். ஆனால் இருபது வருடமாகத் துரை சொன்னதைச் செய்து பழகிய கை அது. நான் அவர் கையை விலக்கிவிட்டு, டிரையரின் மெயினை இறக்கினேன். சினிமா விளக்குகளின் வயரையும் பிடுங்கினேன். ரோப்வேக்கு மட்டும் கரண்ட் கொடுத்தேன். மோட்டார் முனகிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

அக்கா வந்து சேர்ந்தபோது அவரால் நிற்க முடியவில்லை. கைகள் மரத்துப்போயிருந்தன. பெண்கள் இருபக்கமும் பிடித்து உட்காரவைத்து, கால்களைத் தேய்த்துவிட்டார்கள். பிறகு மூக்கைச் சுளித்தார்.

"என்ன தம்பி இது நாத்தம்?"

"டிரையர்ல இலை கருகிடுச்சு அக்கா."

"நல்லா கருகட்டும்."

அந்த நேரம் பார்த்து டைரக்டர் வந்தார். பனி மூடுவதற்குள் அக்காவின் முகம் தெரிந்துவிட்டதாம், இன்னொரு முறை எடுத்தால் நன்றாக இருக்குமாம். பெண்கள் கத்தரிகளோடு நின்றிருந்தார்கள். அவரைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். டைரக்டர் போய் வேனில் உட்கார்ந்துகொண்டார். துரை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதை நான் தண்டனையாக எடுத்துக்கொள்ளவில்லை.

திரையில்

சில மாதம் கழித்து நாடகம் வந்தது. தோட்டத்து கிளப்பில் டிவிக்கு முன்னால் எல்லோரும் கூடினோம். பறக்கும் காட்சி கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. தொங்கிய காட்சியை மட்டும் நீளமாகப் போட்டார்கள். நாயகி நடுவானில் நின்று நாட்டின் எதிர்காலத்தைப் பற்றி யோசிக்கிறாராம். பின்னால் வீணை. இடையிடையே, வேறெங்கோ எடுத்த கதாநாயகியின் சிரித்த முகம்.

கடைசியில் பெயர்கள் ஓடின. துரையின் பெயர் வந்தது. துரையம்மாவின் பெயர் வந்தது. நடிகர்கள் தங்கிய ஹோட்டல் வந்தது, வேன் டிரைவர் வந்தார். லெட்சுமி அக்காவின் பெயர் வரவில்லை. டிவியில் விளம்பரம் ஆரம்பித்த பிறகும் யாரும் எழவில்லை. அக்காதான் முதலில் எழுந்தார்.

"தொங்குனது நான்தான்னு எனக்குத் தெரியும்ல. போங்க, போயி படுங்க. காலையில பெரட்டுல வரிசையில நிக்கணும்."

வெளியே வந்ததும் என்னிடம் மெதுவாக, "மகளுக்குத்தான் சொல்லி வச்சிருந்தேன்" என்றார்.

அடுத்த வாரப் பகுதியில் நாயகி ஒரு மலையின் கொழுந்து முழுவதையும் கண்ணால் பார்த்தே பறித்து முடித்துவிட்டார். மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களைப் பிரித்து அனுப்பும் நேரத்தில், துரை மேடை ஏறினார்.

"நாடகம் பாத்தீங்கல்ல. சாதாரண தொழிலாளிக்குள்ள எவ்வளவு சக்தி இருக்குன்னு காட்டிட்டாங்க. இனிமே ஆளுக்கு ஒரு கூடை கூட வரணும்."

"செய்யலாம் துரை" என்றார் லெட்சுமி அக்கா. "இடி எப்ப விழும்?"

முதலில் ஒரு மூலையில் யாரோ சிரித்தார்கள். பிறகு பெரட்டுக்களம் முழுவதும் சிரித்தது. மண்டோர்கூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். துரை அதட்டினார். அக்கா கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். மற்ற பெண்களும் உட்கார்ந்தார்கள். ஒருவரும் மலைக்குப் போகவில்லை. தொழிற்சாலைக்கு இலை வராததால் ரோலர் சும்மா இருந்தது, நானும் சும்மா இருந்தேன். உச்சி வெயிலில் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி வந்து, துரை சொன்னது வெறும் தமாஷ் என்று அறிவித்தார். பெண்கள் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்து மலைக்குப் போனார்கள். அதன் பிறகும் கூடைக் கணக்கு பழையபடிதான், ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பிறகு மூன்று தோட்டங்களில் வேலை பார்த்தேன். எங்கே போனாலும் முதல் வாரமே ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று ஒன்றை முடிவு செய்துகொள்வேன். கரண்ட் போதாமல் போனால் எதை முதலில் அணைப்பது, எதை முதலில் கொடுப்பது என்று. நீங்களும் அதை எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளிலேயே முடிவு செய்துவிடுங்கள். விளக்கு அணைந்த பிறகு மேலே போய்க் கேட்டால், இலை என்றுதான் பதில் வரும்.