சரிவில் போட்ட வெள்ளைக் கோடுகள்

எண்ணூரில் எங்கள் குப்பத்துக்கும் கழிமுகத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சரிவுதான் இருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு கம்பெனியின் மதில், அந்தப் பக்கம் இன்னொரு கம்பெனியின் மதில். நடுவில் சிமென்ட் பூசிய இறக்கம் நேராகத் தண்ணீருக்குள் போகும். படகை இறக்க எங்களுக்கு வேறு இடம் கிடையாது. தண்ணீரிலேயே கட்டி வைத்தால் எண்ணெய்க் கறை ஏறிவிடும் என்பதால் தினமும் மேலே இழுத்து மணலில் போட்டுவைப்போம். தினமும் அதே சரிவில் இறக்குவோம்.

இந்தச் சரிவைத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் சிட்டிக்குள்ளிருந்து கார் எடுத்துக்கொண்டு வருபவர்கள் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் பார்க்க வருவார்கள், படம் எடுப்பார்கள், இறால் வறுவல் தின்பார்கள். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் காரைச் சரிவின் நட்டநடுவில் நிறுத்திப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அப்பாவும் இன்னும் ஐந்து பேரும் பொறுத்துப் பார்த்தார்கள். ஒருநாள் ஒரு சின்னக் காரை, படகைத் தூக்குகிற மாதிரியே மூன்று பேர் முன்னால், மூன்று பேர் பின்னால் நின்று தூக்கி, மதிலைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுத் தொழிலுக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது கார்க்காரர் அங்கேயே குதித்துக்கொண்டிருந்தார்.

"யாருய்யா என் வண்டியத் திருப்பினது?"

"காத்து சார்," என்றார் அப்பா. "இங்க காத்து ஜாஸ்தி. நம்ம படகே நவுந்துகினு கீது பாரு."

நான் வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நேராகப் போய் கார்ப்பரேஷன் ஆபீஸில் புகார் கொடுத்துவிட்டார்.

ஒரு மாதத்தில் பெயின்ட் டப்பாவுடன் ஆட்கள் வந்தார்கள். சரிவில் வெள்ளைக் கோடு போட்டு ஆறு கட்டம் பிரித்தார்கள். 'வாகனம் நிறுத்துமிடம்' என்று பலகை நட்டார்கள். அடுத்தது சங்கிலி போட்டு கேட் வைப்போம் என்றார்கள். படகு எங்கே இறங்கும் என்று கேட்டேன். ஃபைலில் இது 'படகுப் பயன்பாட்டில் இல்லாத சரிவு' என்று இருக்கிறதாம். அப்படியென்றால் எங்கள் அப்பா தினமும் காலையில் எங்கே போகிறார், வாக்கிங்கா?

நான் கன்டெய்னர் யார்டில் கேட் ஆபீஸில் வேலை செய்கிறேன். எந்த லாரி உள்ளே வந்தது, எது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று நாள் முழுக்க கம்ப்யூட்டரில் அடிப்பதுதான் வேலை. வண்டி நிறுத்துவதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உட்கார்ந்து மனு எழுதினேன். பதில் வராததால் மறுபடி எழுதினேன். அதற்கும் வராததால், முதல் இரண்டு மனுவையும் சேர்த்துப் பின் அடித்து மூன்றாவதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை வாங்கினேன். கடைசியில் வழிக்கு வந்தார்கள். ஓர் அதிகாரி வந்து பார்ப்பார், படகு இறங்குவதைக் கண்ணால் பார்த்தால் சரிவு படகுக்கு, இல்லையென்றால் காருக்கு. அதுதான் முடிவு.

இரண்டு முறை தேதி சொன்னார்கள். இரண்டு முறையும் குப்பமே தொழிலை விட்டுவிட்டு மத்தியானம் வரை காத்துக்கொண்டிருந்தது. யாரும் வரவில்லை. மூன்றாவது தேதியை முந்தின நாள் மாலை ஃபோனில் சொன்னார்கள்.

மறுநாள் விடியற்காலை அப்பா டீ கேட்டார். அம்மா போட்டுக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார். உடம்புக்கு ஒன்றுமே இல்லாத மனிதர். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தோம்.

எங்கள் குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சாவு விழுந்தால் உடலை எடுக்கும் வரை ஒரு படகும் தண்ணீரில் இறங்கக் கூடாது. யார் வீட்டுச் சாவு என்றாலும் அப்படித்தான். அப்பாவே எத்தனையோ பேருக்காக வலையைச் சுருட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அன்று அவருக்காக எல்லோரும் உட்கார்ந்தார்கள். மேளம் வந்தது. பெரம்பூரிலிருந்து அம்மாவின் தம்பி, என் மாமா, ரயில்வே பட்டறைத் தோழர்களோடு வேனில் வந்தார். வியாசர்பாடியிலிருந்து இரண்டு ஷேர் ஆட்டோ நிறைய சொந்தம் வந்தது. பின்னாலேயே இன்னும் மூன்று கார் வந்தது. வந்தவர்கள் வண்டியை எங்கே விட்டார்கள்? பளிச்சென்று வெள்ளைக் கோடு போட்ட ஆறு கட்டத்தில். அவ்வளவு ஒழுங்காக, கோட்டுக்குள்ளேயே.

பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார்.

அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த என்னிடம் யாரோ வந்து சொன்னார்கள். அவிழ்ந்த தலையோடு எழுந்து போனேன். அவர் ஃபோனில் சரிவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஆறு கட்டத்திலும் ஆறு வண்டி. மணலில் படகெல்லாம் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. என் மூன்று மனுவும் அந்த ஒரு படத்தில் செத்துப்போவதை நின்று பார்த்தேன்.

"சார், இன்னிக்கி எங்க வூட்ல சாவு. சாவுன்னா படகு எறக்க மாட்டோம். நாளைக்கி வாங்க."

"கேட்கவே கஷ்டமா இருக்கும்மா," என்றார். நல்ல மனிதர்தான், குரலில் தெரிந்தது. "ஆனா நான் பார்த்ததைத்தான் எழுத முடியும். ரிப்போர்ட் இன்னிக்குச் சாயந்திரம் போயாகணும்."

"அரை மணி நேரம் நில்லுங்க."

திரும்பி வந்து முதலில் சொந்தக்காரர்களைப் பார்த்துக் கத்தினேன். "வண்டிய எடுங்க! எல்லா வண்டியயும் எடுங்க!" அழுத தொண்டையில் குரல் எப்படி வந்ததோ, எடுத்துவிட்டார்கள். பிறகு குப்பத்து ஆண்கள் பக்கம் போனேன். படகை இறக்கச் சொன்னேன்.

ஊர்ப் பெரியவர், அப்பாவோடு ஒரே படகில் போனவர், நான் பெரியப்பா என்று கூப்பிடுகிறவர், எழுந்தார். "இன்னாமா பேசற? பொணம் வூட்ல கீது. கட்டுப்பாடு உனுக்குத் தெரியாதா?"

"கட்டுப்பாடு யாருக்கு மரியாத பெரியப்பா? செத்தவருக்குத் தான? செத்தது எங்கப்பா. நான் சொல்றேன், எறக்குங்க. இன்னிக்கி எறக்கலன்னா நாளைலேர்ந்து சாவு இல்லாத நாள்லயும் எறக்க முடியாது."

அவர் திரும்ப உட்கார்ந்துவிட்டார். யாரும் எழவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அப்பாவின் படகு மேலிருந்த தார்ப்பாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அது அசையக்கூட இல்லை. ஊரே பார்க்க ஒற்றை ஆளாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இல்லை. எரிச்சலாகத்தான் இருந்தது.

அப்போது மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "எங்க ஊர்ல அந்தக் கட்டுப்பாடு இல்ல. நாங்க தள்றோம்," என்றார். அவர் பின்னால் பட்டறைக்காரர்கள் நான்கு பேர். ரயில் பெட்டியைத் தள்ளிப் பழகிய கைகள். பலத்துக்குக் குறைவில்லை, ஆனால் படகு என்றால் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. அடியில் உருளைக் குழாய் வைக்கவில்லை. பக்கவாட்டில் பிடித்துத் தள்ளினார்கள். படகின் ஃபைபர் அடிப்பாகம் சிமென்ட் தரையில் உரசிக் கரகரவென்று கத்தியது.

குப்பத்து ஆண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார்கள். இரண்டாவது உரசலில் பெரியப்பாவால் முடியவில்லை.

"டேய், டேய்! அடி தேயுதுடா கஸ்மாலம்! படகா அது, மாட்டு வண்டியா? வுடு! கைய வுடு!"

ஓடி வந்து மாமாவை ஒதுக்கித் தள்ளிவிட்டு முன்பக்கம் பிடித்தார். யாரோ குழாயைக் கொண்டுவந்து அடியில் போட்டார்கள். ஆறு பேர் வேண்டிய இடத்தில் பதினைந்து பேர் நின்றார்கள். அப்பாவின் படகு வெள்ளைக் கோட்டின் மேலேயே வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போய் விழுந்தது. ஒன்று இறங்கிய பிறகு மற்றதை மட்டும் வைத்து என்ன செய்வது? ஒவ்வொன்றாகப் பதினொரு படகும் இறங்கின. மேளக்காரர்கள் நிறுத்தவில்லை, அடித்துக்கொண்டே இருந்தார்கள். கழிமுகத்தில் ஒரு வட்டம் அடித்துவிட்டுப் படகுகள் கரைக்கு வந்தன. அம்மா வீட்டு வாசல்படி வரைக்கும் வந்து நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அதிகாரி எல்லாவற்றையும் படம் எடுத்தார். ஒரு படிவத்தை நீட்டினார். "முதல் படகோட உரிமையாளர் கையெழுத்து வேணும். கூப்பிடுங்க."

"உள்ள இருக்காரு சார். அவரால எழுந்து வர முடியாது."

அவர் பேனாவை மூடிவிட்டுக் கீழே பார்த்தார். அந்தப் பேனாவை வாங்கி, உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். தொழில் என்ற இடத்தில் மீன்பிடிப்பு என்று எழுதினேன். பொய் என்று யாருக்காவது தோன்றினால் கேஸ் போடட்டும், யார்டில் லீவு சொல்லிவிட்டு வந்து பதில் சொல்கிறேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து மிச்ச அழுகையை அழுதேன்.

காரியம் முடிந்த அடுத்த வாரம், சரிவு படகுக்குத்தான் என்று காகிதம் வந்தது. அதற்கு அடுத்த நாள் ஊர்க் கூட்டம் என்னைக் கூப்பிட்டது. கட்டுப்பாட்டை மீறியதற்குச் சபையில் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். சரிவு பிழைத்த சந்தோஷம் ஒரு பக்கம், ஊர் வழக்கம் ஒரு பக்கம். இரண்டும் அவர்களுக்கு வேண்டும். நடுவில் நான் நின்றேன்.

"ஒரு வார்த்த சொல்லிடும்மா, முடிஞ்சி போய்டும்," என்றார் பெரியப்பா.

சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. "உங்கப்பன் இருந்தா இன்னா சொல்லியிருப்பான்?" என்று ஒருவர் கேட்டார். எனக்குத் தெரியும். அப்பா இருந்திருந்தால் கண்டிப்பாக என்னைத் திட்டியிருப்பார். படகை இறக்கியதற்காக இல்லை, இத்தனை ஆம்பளைகள் இருந்தும் ஒரு படகை இறக்க அரை மணி நேரம் ஆக்கினேனே, அதற்காக.