சம்படத்து மூடிக்குள் என் போட்டோ

நான் பார்த்துக்கொண்டிருந்தால்தான் அது வேலை செய்யும் என்று நம்பினேன். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, நல்ல வெயில் காலம் பூராவும் நம்பினேன். சிரிக்கிறவர்கள் இங்கேயே கொஞ்சம் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் மொத்தத்தையும் செலவழித்துவிடாதீர்கள், இதைவிடக் கேவலமானது பின்னால் வருகிறது.

'அது' என்பது ஒரு கம்ப்யூட்டர். சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். திரை கிடையாது, கீபோர்டு கிடையாது, ஒரே ஒரு பச்சை அட்டை. அதன்மேல் எல்லாவற்றையும் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். ஒரு நகத்தளவு மெமரி கார்டைச் சொருகி, கரண்டு கொடுத்தால், வீட்டில் உள்ள சுவிட்சுகளை எல்லாம் அது வயர்லெஸ்ஸில் மேய்க்கும். வீட்டுக்கு ஒரு மேனேஜர் மாதிரி. சர்வர் என்று பெயர்.

இதை எனக்குக் கொடுத்தவன் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். இப்போது வளைகுடாவில் ஒரு பெரிய பங்களாவுக்கு எலக்ட்ரீசியன். பெருநாளுக்கு ஊருக்கு வந்திருந்தபோது வீட்டுக்கு வந்தான்.

"ஏலே, எங்க மொதலாளி கையத் தட்டுனா ஜன்னல் ஸ்கிரீனு தானா வெலகும். உன் வீட்டுல கையத் தட்டுனா என்னடா வரும்?"

"எம் பொண்டாட்டி வருவா. எதுக்குத் தட்டுனீகன்னு கேக்க."

அவன் சிரித்துவிட்டுப் பையிலிருந்து இந்த அட்டையை எடுத்துக் கொடுத்தான். "நீதான் கம்ப்யூட்டர்காரனாச்சே, போட்டுப் பாரு."

நான் கம்ப்யூட்டர்காரன் என்பது எங்கள் பகுதியில் நிலவும் ஒரு வதந்தி. திருச்சுழியில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பலகையில் கம்ப்யூட்டர் சென்டர் என்று எழுதியிருக்கிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பிரிண்டரில் சிக்கிய பேப்பரைக் கிழியாமல் உருவுவதும், பாஸ்போர்ட் போட்டோவில் முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்குவதும்தான். வதந்தியை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து காலையில் பஸ் ஏறும்போது என்னை இருவர் 'சார்' என்று கூப்பிடுவது அந்தப் பலகையால்தான்.

எதற்கு அதைப் பயன்படுத்துவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டில் மேய்க்கவேண்டிய ஒரே மாடு தண்ணீர் மோட்டார். எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வாரத்தில் என்றைக்கு வரும், எந்த நேரத்தில் வரும் என்பது தண்ணீருக்கே தெரியாது. வந்தால் தரைத்தொட்டியில் விழும். தரைத்தொட்டி சின்னது. அது நிரம்ப நிரம்ப மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றினால்தான் அடுத்த தண்ணீர் வரும்வரை குளிக்கலாம். ஏற்றாவிட்டால் தெருவில் வழியும். தண்ணீர் நின்றபிறகும் மோட்டார் ஓடினால் உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் கருகும். கருகும் வாசனை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என்னை நம்பி என் மனைவி ஒரே ஒரு முறை மோட்டாரை விட்டுவிட்டுப் போனதால் தெரியும்.

அதன்பிறகு அவள் எங்கும் போகவில்லை. பரளச்சியில் அவள் தங்கை வீடு கட்டிப் பால் காய்ச்சினாள், அன்றைக்குத் தண்ணீர். தங்கை வீட்டுக்காரர் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார், அன்றைக்கும் தண்ணீர். இப்போது தங்கை மகளுக்கு வளைகாப்பு. அந்தப் பிள்ளை எங்கள் வீட்டில் இருந்துதான் பள்ளிக்கூடம் போனாள். தலை பின்னிவிட்டது என் மனைவி.

"இதுக்கு நான் மொத நாளே போறேன்," என்றாள். "தண்ணி வந்தாலும் போறேன், வராட்டியும் போறேன்."

"நீ தாராளமாப் போ. இனிமே தண்ணிய இது பாத்துக்கிரும்," என்று அட்டையைக் காட்டினேன்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத்துனூண்டு இருக்கு. நீங்க இம்புட்டுப் பெரிய ஆளு, உங்களாலேயே முடியல."

சொன்னால் நம்பமாட்டீர்கள், மேசைமேல் வைத்துச் செய்தபோது எல்லாம் சரியாகவே வந்தது. வளைகுடாக்காரன் அனுப்பிய வீடியோவைப் பார்த்துப் பார்த்து மெமரி கார்டில் ஏற்றவேண்டியதை ஏற்றினேன். மோட்டாருக்கு வயர்லெஸ் சுவிட்ச் போட்டேன். இரண்டு தொட்டியிலும் தண்ணீர் மட்டம் பார்க்கும் கருவியைத் தொங்கவிட்டேன். கீழே நிறைந்தால் மோட்டார் தானாக ஓடும், மேலே நிறைந்தாலோ கீழே காலியானாலோ தானாக நிற்கும். போனைத் தட்டினால் மோட்டார் ஓடியது, மறுபடி தட்டினால் நின்றது. பத்துத் தடவை ஓடவிட்டு நிறுத்தினேன். மனைவி உள்ளிருந்து, "மோட்டாரு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள்.

அடுத்து அதற்கு ஒரு வீடு வேண்டும். எங்கள் ஊர்ப் புழுதி கண்ணாடிக்குள்ளும் நுழையும். எறும்பு, பல்லி வேறு. பரணில் தேடியபோது, மாமனார் சீரில் கொடுத்த எவர்சில்வர் சம்படம் கிடைத்தது. முறுக்கு வைக்கிற சம்படம். அடித்து மூடினால் எறும்பென்ன, காற்றே போகாது. பின்பக்கம் வயர் போக ஒரு ஓட்டை மட்டும் வேண்டும். அதை வெல்டிங் கடையில் போட்டு வாங்கி, ஓட்டை சுவரைப் பார்க்கும்படி அலமாரிமேல் வைத்தேன். அந்த ஓட்டையை மனைவியிடம் சொல்லவில்லை. அதற்கென்று நல்ல நேரம் வரும் என்று காத்திருந்தேன்.

மூடியை அடித்து மூடிவிட்டுப் போனைத் தட்டினேன். சர்வர் கிடைக்கவில்லை என்றது போன்.

திறந்து பார்த்தேன். பச்சை விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. தட்டினேன், மோட்டார் ஓடியது. சரி, ஏதோ தூக்கக் கலக்கம் என்று மூடினேன். சர்வர் கிடைக்கவில்லை.

இங்கேதான் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. அதை யாராவது அப்போதே தடுத்திருக்கலாம். சார்ஜர் சரியில்லை என்று வேறு சார்ஜர் மாட்டினேன். ஓடியது. அதுதான் கோளாறு என்று மகிழ்ந்து மூடினேன். நின்றது. மெமரி கார்டு போலி என்று வேறு கார்டு வாங்கி, முதலிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றினேன். ஓடியது. மூடினேன். நின்றது. பக்கத்துத் தறிக்கூடத்தில் தறி ஓடும்போது கரண்டு இறங்குகிறது என்று தறி நின்ற நேரம் பார்த்துச் செய்தேன். ஓடியது. மூடினேன். இப்படி நான் எதைச் செய்தாலும் குணமானது; குணமாகி வீட்டுக்குப் போனதும் செத்துப்போனது.

வளைகுடாக்காரனை வீடியோவில் கூப்பிட்டேன். "காட்டுடா பாப்போம்," என்றான். காட்டினேன்.

"நல்லாத்தானடா ஓடுது!"

"நீ பாக்குற, அதான் ஓடுது."

"வெயில் சாஸ்தியோ அங்க?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

மறுநாள் திருச்சுழிக் கடையிலிருந்து தட்டிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போன் போட்டு, "அந்தச் சம்படத்தத் தெறந்து கொஞ்சம் பாரு," என்றேன்.

"பாத்துட்டேன்."

தட்டினேன். மோட்டார் ஓடியது. எனக்குப் புல்லரித்தது. விஷயம் பிடிபட்டுவிட்டது. இது ஆள் பார்த்தால் வேலை செய்கிறது, ஆள் நகர்ந்தால் உட்கார்ந்துவிடுகிறது. வீட்டுக்குச் சுவர் பூசியபோது வந்த ஆட்களும் இதே ரகம்தானே? இவ்வளவு சின்ன மெஷினுக்கு அந்தக் குணத்தை எப்படி ஏற்றினார்கள் என்று ஆச்சரியப்பட்டேனே தவிர, சந்தேகப்படவில்லை.

"நீ அதப் பாத்துக்கிட்டே கொஞ்ச நேரம் உக்காரு," என்றேன்.

"முன்ன மோட்டாரப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். இப்ப மோட்டாரப் பாக்குற டப்பாவப் பாத்துக்கிட்டு உக்காரணுமா? அப்ப வளைகாப்புக்கு யாரு போறது, டப்பாவா?"

நியாயமான கேள்வி. அன்றைக்குக் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்தேன். வருகிறவர்களிடம் சொல்வதை எனக்கே சொல்லிக்கொண்டேன்: சிரிக்காதீங்க, தாடைய எறக்குங்க, நேரா பாருங்க. ஒரு வட்டிக்கடைக்காரர் அளவுக்கு முறைத்துக்கொண்டு ஒரு பாஸ்போர்ட் போட்டோ எடுத்து, பிரிண்ட் போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து சம்படத்து மூடியின் உள்பக்கம் பசை போட்டு ஒட்டினேன். மூடியை மூடினால் நான் நேராக அட்டையை முறைத்தபடி இருப்பேன்.

மூடினேன். கிடைக்கவில்லை.

இதற்கும் காரணம் கண்டுபிடித்தேன் என்பதுதான் கேவலம். மூடினால் உள்ளே இருட்டு. இருட்டில் போட்டோவுக்கு எப்படிக் கண் தெரியும்? உள்ளே ஒரு குட்டி பல்பு மாட்டலாமா என்று கையில் பல்போடு நின்றேன். அந்த இடத்தில்தான் எனக்கே என்னைப் பார்த்துக் கொஞ்சம் பயம் வந்தது. பல்பைக் கீழே வைத்தேன்.

வளைகாப்புக்கு முதல் நாள் வந்தது. மனைவி கிளம்ப, நான் மதியத்தோடு கடையை அடைத்துவிட்டு வந்து, மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரே உட்கார்வது என்று பேச்சு. மறுநாள் விருந்துக்கும் நான் வரப்போவதில்லை.

"ஊர்ல கேட்டா என்ன சொல்ல?" என்றாள்.

"ஆபீஸ் வேலைன்னு சொல்லு."

"அவுக டப்பாவ மொறைச்சுக்கிட்டு உக்காந்திருக்காகன்னு சொன்னா கேவலம். ஆபீஸ்னே சொல்றேன்."

வீட்டைப் பூட்டி, சாவியை வழக்கமான இடத்தில் வைத்துவிட்டு அவள் பஸ் ஏறியதாகப் போனில் சொன்னாள். நான் கடையில் ஒரு பெரியவரின் ஆதாரை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். மேசையில் கிடந்த என் போன் மினுங்கியது. சர்வர் இணைந்தது.

வீடு பூட்டியிருக்கிறது, மனைவி பஸ்ஸில் இருக்கிறாள், நான் இங்கே இருக்கிறேன். அப்படியானால் அதை இப்போது பார்த்துக்கொண்டிருப்பது யார்?

கள்ளன்! பெரியவரிடம் ஆதாரைக் கொடுத்தேனா ஜெராக்ஸைக் கொடுத்தேனா தெரியவில்லை, ஷட்டரை இழுத்துவிட்டு ஓடினேன். அவளுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. பஸ்ஸில் வழியெல்லாம் போனைப் பார்த்தேன். இணைந்தபடியே இருந்தது. கள்ளன் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். திருட வந்த இடத்தில் இவ்வளவு பொறுப்பாக இருக்கிறானே என்று நினைத்தேன். தண்ணீர் வரும்வரை அவன் போகாமல் இருந்தால் நல்லது என்றும் மனதின் ஒரு மூலையில் தோன்றியது. அதை உடனே அடக்கினேன்.

பூட்டு பூட்டியபடி இருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு திறந்தேன். "யார்றா அது!" என்று கத்தினேன். உள்ளே யாரும் இல்லை. அலமாரிமேல் சம்படத்தையும் காணோம். அந்த இடத்தில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா இருந்தது. பிளாஸ்டிக். மூலையில் கத்தரித்த துளை வழியாக வயர் உள்ளே போனது. மூடியைத் திறந்தேன். என் பச்சை அட்டை சௌகரியமாகப் படுத்துக் கண் சிமிட்டியது.

போன் அடித்தது. மனைவி.

"என்ன, விடாம அடிச்சிருக்கீக? முறுக்கு வைக்க ஏனமில்ல, சம்படத்த எடுத்துட்டு வந்துட்டேன். உங்க சாமான ஐஸ்கிரீம் டப்பாவுல மாத்திச் சொருகிட்டேன், லைட்டெல்லாம் எரியுது. ஆமா, எங்கப்பா குடுத்த சம்படத்துல ஓட்ட போட்டது யாரு?"

"அது... எறும்பா இருக்கும்."

"எவர்சில்வர்லயா? கருப்பு டேப்ப ஒட்டியிருக்கேன். வந்து பேசிக்கிறேன். மூடிக்குள்ள எதுக்கு உங்க போட்டோ? பிச்சா வரமாட்டேங்குது. நான் முறுக்கத் தின்னுருவேன்னு காவலா?"

செருப்பைக் கீழே போட்டுவிட்டு ஐஸ்கிரீம் டப்பாவை மூடினேன். தட்டினேன். மோட்டார் ஓடியது. திரும்பி நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு தட்டினேன். ஓடியது. வாசலுக்குப் போய், கதவைச் சாத்தி, தெருவில் நின்று தட்டினேன். ஓடியது. வளைகுடாக்காரனைக் கூப்பிட்டுச் சொன்னேன். டப்பாவைத் தவிர எதையுமே மாற்றவில்லை என்றும் சொன்னேன்.

"முன்ன என்ன டப்பாடா?"

சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் வேலை செய்தவர்கள் எல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்குத் தெரியாத மூன்று நாட்டுக்காரர்களுக்கு அவன் இந்தியில் என் கதையை விளக்கினான்.

மறுநாள் ஐஸ்கிரீம் டப்பாவை நம்பி நானும் பரளச்சிக்குப் போனேன். பந்தலில் காலெடுத்து வைத்ததும், வளையல் கை நிறைய அடுக்கியிருந்த பிள்ளை என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தை மூடிக்கொண்டாள். சம்படம் பந்தி நடுவில் திறந்து கிடந்தது. மூடியிலிருந்து நான் எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தேன். "பெரியப்பா, ஒரு முறுக்கு எடுத்துக்கிறவா?" என்று ஆளாளுக்கு அந்த மூடியிடம் அனுமதி கேட்டுத்தான் எடுத்தார்கள். என் மனைவி தங்கையின் தோளில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளை அப்படி அந்த வீட்டில் நான் பார்த்ததே இல்லை.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் போன் மினுங்கியது. மோட்டார் ஓடுகிறது. பாயசம் வந்தபோது மறுபடி மினுங்கியது. மாடித் தொட்டி நிறைந்தது, மோட்டார் நின்றது. போனை இலைக்குமேலாக அவளிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "சரி, நாளைக்கி சாயங்காலமா வாரேன்," என்றாள்.

எவர்சில்வர் சம்படத்தை மூடினால் வயர்லெஸ் சிக்னல் வெளியே வராது. நடந்தது அவ்வளவுதான்.