செகண்ட் டார்க்

லாரிப் பட்டறைகளில் டார்க் வைப்பது என்று ஒரு காரியம் உண்டு. நீளக் கைப்பிடி கொண்ட ஸ்பேனரை வைத்து, இவ்வளவுதான் என்ற அளவுக்கு நட்டை இறுக்குவது. அளவு வந்ததும் ஸ்பேனரே 'டக்' என்று சொல்லிவிடும். வண்டி கொஞ்சம் ஓடிய பிறகு அதே நட்டை மறுபடி இறுக்குவது செகண்ட் டார்க். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த விஷயம். அப்போது நான் பாளையங்கோட்டையில் இரண்டாம் வகுப்பு, அதுவும் இங்கிலீஷ் மீடியம். டார்க் என்றால் இருட்டு. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, டிக்டேஷனில் ஸ்பெல்லிங்கூடச் சரியாக எழுதியிருந்தேன்.

அம்மா இறந்த வருஷம் அது. நான் அத்தை வீட்டில் இருந்தேன். அத்தை டீச்சர். பாசத்துக்குக் குறைவில்லை, ஆனால் பாசத்தையும் டைம்டேபிள் போட்டுத்தான் காட்டுவாள். அப்பா சொந்த லாரி ஓட்டினார். முன்பெல்லாம் தூத்துக்குடி, நாகர்கோவில் என்று பக்கத்து லோடுதான், சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். அம்மாவுக்குப் பிறகு அவர் போகிற ஊர்கள் தூரமாகிக்கொண்டே போயின. திரும்பி வந்தாலும் லாரியிலேயே படுத்துக்கொள்வார். எங்கள் வீடு அடுத்த தெருவில் பூட்டிக் கிடந்தது. சாவி அத்தையின் பீரோவில் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் லாரி மக்கர் செய்தது. கூடுதல் பாரம் இழுக்க வேண்டும் என்று அப்பா டீசல் அதிகம் பாயும்படி பம்பைக் கூட்டி வைத்திருந்தார். உள்ளே அழுத்தம் தாங்காமல் இஞ்சினின் மேல்மூடியான ஹெட் தூக்கிக்கொண்டது. நடுவில் இருந்த கேஸ்கட் போய், ரேடியேட்டர் கொதித்து, நாங்குநேரிப் பக்கம் வண்டி நின்றுவிட்டது. கட்டி இழுத்துவந்து வண்ணார்பேட்டையில் ஒரு பட்டறையில் விட்டார்கள். எனக்கோ கொண்டாட்டம். வண்டி கெட்டால் அப்பா ஊரில் இருப்பார். அந்த லாரி இனி எழுந்திருக்கவே கூடாது என்று ராத்திரி ஜெபத்தில் சேர்த்துக்கொண்டேன், அத்தைக்குக் கேட்காமல்.

சனிக்கிழமை அப்பா என்னையும் பட்டறைக்குக் கூட்டிப் போனார். மேஸ்திரிக்குப் பெரிய தொப்பை, சிரித்த முகம். பழைய டயர் ஒன்றைப் படுக்கப்போட்டு, அதன் மேல் அட்டை விரித்து என்னை உட்காரவைத்தார். ஹெட்டைக் கழற்றிய இஞ்சின் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பெஞ்சில் ஹெட்டை இறுக்க இரண்டு வகைச் சாமான். ஒன்று, தலையுள்ள சாதாரண போல்ட். மற்றது ஸ்டட். தலை கிடையாது, இரண்டு முனையிலும் திருகும் மரை வெட்டியிருந்தது. கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்ததாம். அப்பா இதை எடுப்பதும் அதை எடுப்பதுமாக நின்றார்.

"போல்ட்டு போட்டா இன்னைக்கே மூடிரலாம்" என்றார் மேஸ்திரி. "ஒருதடவ இறுக்குனா சோலி முடிஞ்சு. ஆனா நீரு பம்பைக் குறைக்க மாட்டீரு. திரும்பவும் போல்ட்டு இழுபடும், எங்கயாவது வனாந்தரத்துல நிப்பீரு."

"ஸ்டட்டு போட்டா?"

"அது அசையாது வே. ஆனா ஒரு ஓட்டம் ஓடிட்டு, செகண்ட் டார்க் கண்டிப்பா வைக்கணும். அதை மட்டும் விட்டுராதேயும்."

எனக்குக் காது நிமிர்ந்துவிட்டது. செகண்ட் டார்க். இரண்டாவது இருட்டு. அப்படியென்றால், புறப்பட்ட அன்றைக்கு ஓர் இருட்டு, மறுநாள் ஓர் இருட்டு, அதற்குள் அப்பா பட்டறைக்கு வந்தே ஆகவேண்டும். பெரியவர்கள் சொல்கிற 'சீக்கிரம் வந்துருவேன்' மாதிரிக் கொழகொழப்பான பேச்சு இல்லை இது. கண்டிப்பாக என்று மேஸ்திரியே சொல்லிவிட்டார்.

அப்பா என் பக்கம் திரும்பி, "நீ சொல்லுட்டி, எதைப் போட?" என்று விளையாட்டாகக் கேட்டார்.

"ஸ்டட்டு."

"ஏன்?"

"அதுக்குத்தான் செகண்ட் டார்க் உண்டு."

மேஸ்திரி தொப்பை குலுங்கச் சிரித்தார். "அடி சக்கை! ஒம்ம மகளுக்கு இஞ்சினு வெவரம் தெரியுது வே!" அப்பாவும் சிரித்தார். அம்மாவுக்குப் பிறகு அவர் பல் தெரியச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஸ்டட்டையே போட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் நாக்பூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு அத்தை வீட்டு வாசலில் வந்து நின்றார். "செகண்ட் டார்க் உண்டுல்லா?" என்று ஒருதடவை உறுதி செய்துகொண்டேன்.

"உண்டு, உண்டு. அதை மறப்பனா?" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஏறிப்போனார்.

முதல் இருட்டை நான் சட்டை பண்ணவே இல்லை. மறுநாள் வெளிச்சம் மங்கும்போதே கேட்டருகில் போய் உட்கார்ந்தேன். தெருவிளக்கு எரிந்தது. எதிர்வீட்டு மாமா ஆபீஸிலிருந்து வந்தார், அவர் பிள்ளைகள் ஓடிப்போய்ப் பையைப் பிடுங்கினார்கள். பெரிய ரோட்டில் ஹாரன் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். "என்னட்டி வாசல்ல தவங்கெடக்க? கொசு பிடுங்கும், உள்ள வா" என்று அத்தை கூப்பிட்டாள். காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் சிவப்புப் பேனா எடுத்துத் திருத்திவிடுவாள் என்ற பயம். பிறகு ஹாஸ்டலில் இருந்திருக்கிறேன், கல்யாணமாகி பாஷை தெரியாத ஊரிலும் இருந்திருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற மாதிரி ஒருநாளும் தனியாக இருந்ததில்லை. இருட்டை எண்ணியதில் எங்கேயோ தப்பு விட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போன் வந்தது. முற்றத்தில் கால் வைக்க முடியாத வெயில்.

"யம்மா, செகண்ட் டார்க் வச்சாச்சு" என்றார் அப்பா, உற்சாகமாக. "இங்கன நாக்பூர்லயே ஒரு பட்டறையில வச்சாச்சு. ஸ்டட்டு கல்லு மாதிரி நிக்குது. இனிமே எவ்வளவு தூரம்னாலும் போலாம்."

நான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன்.

"இங்கன இன்னும் இருட்டவே இல்லையேப்பா. நீங்க எப்ப வாரிய?"

அந்தப் பக்கம் லாரிகள் போகிற இரைச்சல் கேட்டது. 'டார்க்... இருட்டு...' என்று அவர் தனக்குள் சொல்லிப் பார்த்தார்.

"எனக்கு இருட்டிட்டும்மா" என்றார்.

போனை அத்தையிடம் கொடுத்துவிட்டு முற்றத்துக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். வெயிலில் கண் கூசியது. அங்கே இந்நேரத்துக்கே பொழுது அடைந்துவிடுகிறது என்றால் நாக்பூர் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்! அங்கிருந்து வர நாளாகும்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு விளையாடப் போனேன்.