பின்னறையில் ஒரு டாங்கி

2023 ஆகஸ்ட் 6, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வரும் நாள். இரண்டு டிரம்மும் ஏழு குடமும் நிரப்பினேன். ஆறு மணிக்குக் காபி, ஆறரைக்குச் சவரம். ஏழு மணிக்குச் சந்தைக்குப் போய் முருங்கைக்காய் நான்கு, சின்ன வெங்காயம் அரைக் கிலோ, கருணைக்கிழங்கு ஒரு கிலோ வாங்கி வந்தேன். எட்டேகாலுக்குப் பின்னறையில் விளக்கைப் போட்டு மேசை முன் உட்கார்ந்தேன். நாட்குறிப்பில் இவ்வளவும் இருக்கிறது. அன்று மாலை நான்கு மணிக்கு அண்ணனை அவர் மகள் ஓசூருக்கு அழைத்துப் போகிறாள் என்பதும், அதற்குள் நான் அவரிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்பதும் அதில் இல்லை.

அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ராணுவத்தில் இருபத்து நாலு வருஷம் டாங்கி ஓட்டியவர். ஓய்வுபெற்றுக் கள்ளக்குறிச்சிக்கே வந்து, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு கட்டிக்கொண்டார். அண்ணி இறந்த மறுவருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் குழறும், அவ்வளவுதான். கவனித்துக்கொள்ள வைத்த ஆள் ஏப்ரலில் நின்றுவிட்டார். மகள் வாராவாரம் ஓசூரிலிருந்து வந்து போனாள். மே மாதம் என்னிடம், “என்னால இனிமே முடியாது சித்தப்பா. அங்கியே கூட்டிக்கினு போயிடுறேன். மூணாவது மாடிதான், ஆனா லிப்ட் இருக்குது” என்றாள். அண்ணனுக்குப் போக விருப்பமில்லை என்று அவளுக்கும் தெரியும்.

அன்று இரவு சாப்பாட்டின்போது என் மனைவி சொன்னாள்: “பின்னாடி ரூம காலி பண்ணுங்க. பாத்ரூம் பக்கத்துலியே இருக்குது, படி கிடி இல்ல. உங்க அண்ணன் இங்க வந்து இருக்கட்டும்.”

பார்க்கலாம் என்றேன்.

பின்னறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. நான் நிலஅளவைப் பிரிவில் வரைபடம் வரைபவன். அலுவலகம் விட்டு வந்தால் அந்த அறைக்குள்தான் இருப்பேன். பிளாஸ்டிக்கில் வரும் மாதிரி வண்டிகளை ஒட்டிச் செய்வது பதினைந்து வருஷப் பழக்கம். அலமாரியில் லாரி, ஜீப், இழுவை வண்டி என்று பதினொன்று நிற்கின்றன. மகள் பேச்சை எடுத்த அதே வாரம், அண்ணன் ஓட்டிய ரக டாங்கியை ஒன்றுக்கு முப்பத்தைந்து அளவில் தபாலில் வரவழைத்தேன். அவர் கண்ணெதிரே அவருடைய வண்டியை வைத்து, அந்த சந்தோஷத்தில் “எங்ககூட வந்து இருங்கண்ணா” என்று சொல்லிவிடலாம் என்பது என் கணக்கு. வண்டி முடியட்டும் என்று நாளைத் தள்ளினேன். இப்போது யோசித்தால், அறையைக் காலி செய்யாமலிருக்க அந்த அறையிலேயே ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டேன் என்றுதான் தோன்றுகிறது.

வேலை சுத்தமாக நடந்தது. சங்கிலிப் பட்டையின் கண்ணிகள் பக்கத்துக்குத் தொண்ணூறு. ஒவ்வொன்றையும் வெட்டி, பிசிறை உப்புத்தாளில் தேய்த்து ஒட்டினேன். அதற்கே ஜூன் மாதம் முழுக்கப் போனது. இழுவைக் கயிற்றுக்கு மோட்டார் காயில் கட்டும் கடையில் செம்புக் கம்பி வாங்கி மூன்று புரியாக முறுக்கினேன். பச்சை அடித்துக் காய்ந்ததும், இரும்பு தேய்ந்து மின்னும் இடங்களில் 6B பென்சில் தூளை விரலால் தடவினேன். ஓட்டுநர் ஏறி இறங்கும் மூடியைத் திறந்தும் வைக்கலாம், மூடியும் வைக்கலாம் என்று செய்முறைத் தாளில் போட்டிருந்தது. திறந்தால் உள்ளே வெற்றிடம் தெரியும். மூடி ஒட்டிவிட்டேன்.

தூசிக்கு நிஜ மண்தான் வேண்டும் என்று பிடிவாதம். ஜூலையில் அளவை வேலையாக வெள்ளிமலை போனபோது, சாலைக்கு வெட்டிய மேட்டிலிருந்து ஒரு பை செம்மண் எடுத்தேன். பேருந்துக்குக் காத்திருந்த ஒரு அம்மா, சாமை மூட்டையின்மேல் உட்கார்ந்தபடி, “இன்னா சார், ஆபீஸ்காரங்க மலைய அளந்துட்டுப் போவீங்க. இப்ப பையில போட்டே எடுத்துக்கினு போறீங்களா?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வீட்டில் மண்ணைக் காயவைத்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை சலித்து, தின்னரில் கரைத்துச் சக்கரங்களிலும் அடிப்பாகத்திலும் பூசினேன். காய்ந்தபின் பார்த்தால், மழை விட்ட மறுநாள் மலைச்சாலையில் இறங்கிவந்த வண்டி போலவே இருந்தது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

ஞாயிறன்று மதியம் இரண்டரைக்குப் பின்பக்கத்து எண்ணெய்ப் பீப்பாய்களை ஒட்டினேன். மூன்று மணிக்கு அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

அண்ணன் வீட்டுக் கூடத்தில் இரண்டு சூட்கேஸ்கள், மருந்துப் பை, மடித்த சக்கர நாற்காலி. மகள் சமையலறையில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தாள். அண்ணன் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியில் தயாராக இருந்தார். டாங்கியை அவர் மடியில் வைத்தேன். வலது கையால் தூக்கி, கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய், ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தார்.

“என் வண்டிதான்டா!” என்றார். சங்கிலியை நகத்தால் நிமிண்டினார். பிறகு தோளெல்லாம் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். “டேய், ராஜஸ்தான்ல ஏதுடா செம்மண்ணு?”

அவர் டாங்கி ஓட்டியது பெரும்பாலும் அங்கேதான். மூன்று மாதத்தில் ஒருநாளும் இது எனக்குத் தோன்றவில்லை.

“வெள்ளிமலைக்கு எடுத்துக்கினு போய் சாமக் கொல்லைல ஓட்டினியா இத்த? அந்தப் பாலைவனத்துல மண்ணு மாவு மாதிரி வெளுத்து கெடக்கும். பல்லுல நறநறன்னும். சோத்துல, தண்ணில, எல்லாத்துலயும் அதான்.” கட்டைவிரலால் ஓட்டுநர் மூடியை நெம்பிப் பார்த்தார். அசையவில்லை. “இன்னாடா ஒட்டிப்புட்ட? நான் இன்னா மூடிக்கினா ஓட்டினேன்? உள்ள வெந்துடுவான் மனுசன். தலைய வெளில வெச்சுக்கினுதான்டா ஓட்றது.”

“மாத்திடலாம்ண்ணா. மண்ணக் கழுவிட்டு—”

“ஏய், வுடுறா. நல்லாதான் கீது.”

டாங்கியை மடியில் இறக்கினார். தலையை நிமிர்த்தாமல், “இதெல்லாம் எங்க வெச்சு செய்யற, அந்தப் பின்னாடி ரூம்லியா?” என்று கேட்டார்.

“ஆமாண்ணா.”

“பெரிய ரூம் இல்ல அது?”

அவர் கேட்டது எனக்குப் புரிந்தது. சமையலறையில் ஜன்னல் சாத்தும் சத்தமும் நின்றுவிட்டிருந்தது. சொல்ல வேண்டியது மூன்று சொல்தான். என் வாயிலிருந்து வந்தது இது: “பெயிண்ட்டு, தின்னர் வாசனை ஜாஸ்திண்ணா. நமக்கே தலைவலிக்கும்.”

“இருபத்து நாலு வருசம் டீசல்லியே குளிச்சவன்டா நானு” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் எனக்காகக் கொஞ்சம் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு டாங்கியை வலது கையால் என் பக்கம் நீட்டினார். “இத்த நீயே வெச்சிக்க. அங்க பசங்க ஒடச்சிடும். உன் ரூம்ல எடம் கீது.”

நான்கு மணி ஐந்து நிமிஷத்துக்குக் கார் வந்தது. ஓட்டுநரும் நானும் அவரைத் தூக்கி முன் இருக்கையில் உட்காரவைத்தோம். விழுந்த காலை நான்தான் எடுத்து உள்ளே வைத்தேன். செருப்பு கழன்றது, போட்டுவிட்டேன். மகள் “வரேன் சித்தப்பா” என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்தாள். அண்ணன் நேராகச் சாலையைப் பார்த்தபடி, “ஒடம்ப பாத்துக்கோடா” என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கருணைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். “சொன்னீங்களா?” என்றாள். இல்லை என்றேன். கத்தியை நிறுத்தி என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி நறுக்கினாள். அன்றைய நாட்குறிப்பில் கடைசி வரி: “மாலை 4.20, அண்ணன் ஓசூர் புறப்பாடு.” வேறு எதையும் எழுத முடியவில்லை.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குத் தெருமுனையில் நின்று பால்காரரை நிறுத்தினேன். அண்ணன் வீட்டுக்கு அரை லிட்டர் போட வேண்டாம் என்றேன். “எத்தினி நாளிக்கு சார்?” என்று கேட்டார். இனிமேல் வேண்டாம் என்று சொன்னேன்.