நந்திதாவுக்குக் கேட்ட பூ

கருமத்தம்பட்டியில் தறிக்குடோன் வைத்திருக்கும் ஈஸ்வரமூர்த்தியின் மகள் நந்திதாவுக்கு அந்த மே மாதம் முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. பீளமேட்டில் ஒரு மருத்துவக் கல்லூரிக் கண்காட்சிக்குப் போனவள், எக்கோ பரிசோதனைத் திரையில் ஒரு இதயத்தின் வால்வு திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது. சாப்பிடும்போது வால்வு, தலை பின்னும்போது வால்வு. டாக்டருக்குத்தான் படிப்பேன், பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் பாடமே வேண்டாம், அந்த நேரத்திலும் நீட் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அப்பா பிடிகொடுக்கவில்லை. "நீட்டுல கெடைக்காமப் போச்சுன்னா இன்ஜினியரிங் போறதுக்காவது கணக்கு வேணுமில்ல கண்ணு. பதினஞ்சு வயசுல உனக்கு என்ன அத்தனை அவசரம்?"

"அதையும் வெச்சுட்டு இதையும் அரைகொறையாப் படிக்கச் சொல்றீங்களாங்கப்பா?"

பேச்சு முடிகிற வழியாக இல்லை. கல்யாணமோ கிணறு வெட்டோ, குலதெய்வத்திடம் பூக் கேட்காமல் எதையும் தொடங்காத குடும்பம் அது. தாராபுரம் பக்கத்துக் கோயிலுக்குக் கார் கிளம்பியது.

வெள்ளை அரளியையும் செவ்வரளியையும் தனித்தனி இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டார் பூசாரி. கேட்க வேண்டியதை மனதுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. ஈஸ்வரமூர்த்தி கண்ணை மூடிக் கேட்டார். பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

 நந்திதா அழப்போகிறாள் என்று அம்மா புவனா அவள் தோளைப் பிடித்தாள். அவளோ நிமிர்ந்து நின்றாள்.

"சாமி கோவிச்சுட்டாலும் பரவால்லைங்கப்பா. நான் டாக்டருக்குத்தான் படிப்பேன்."

சாமி முன்னால் நின்றுகொண்டு அப்படிப் பேசிய ஆள் அந்தக் குடும்பத்தில் அதுவரை இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஈஸ்வரமூர்த்தி பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன கேட்டார் என்பது அவரையும் சாமியையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், டாக்டர் படிப்பைத்தான் சாமி வேண்டாமென்றது என்று ஆகி, அவர் இஷ்டப்படியே நடந்திருக்கும்.

"நீ டாக்டருக்குப் படிக்கலாமான்னு நான் கேக்கவே இல்லை கண்ணு," என்றார் மெல்ல. "கணக்கையும் சேத்து எடுக்கச் சொல்லட்டுமான்னுதான் கேட்டேன்."

கோயில் என்றும் பார்க்காமல் நந்திதா ஒரு குதி குதித்தாள்.